மேக்பெத்ல நல்லது கெட்டது கேள்வி வந்தா எப்படி எழுதுறது

பி.ஏ. இங்லீஷ் லிட்ரேச்சர் எடுத்தா என்னிக்காவது ஒரு நாள் ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகம் வந்து எதிர்ல நிக்கும், கூடவே அந்தக் கேள்வியும் வரும், "இந்த நாடகத்தில் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டத்தை விளக்குக", 15 மார்க். பாத்த உடனே அப்பாடா ஈஸின்னு தோணும். அங்கதான் மாட்டுறோம்.

நான் மாட்டின கதைய மொதல்ல சொல்லிடுறேன். செகண்ட் இயர் இன்டர்னல்ல இந்தக் கேள்வி வந்துச்சு, நான் பெரிய புத்திசாலி மாதிரி பேப்பருக்கு நடுவுல ஸ்கேல் வச்சு கோடு போட்டேன். இடது பக்கம் நல்லவங்க: ஸ்காட்லாந்து ராஜா டங்கன், மேக்பெத்தோட கூட சண்ட போட்ட தளபதி பாங்கோ, பிரபு மேக்டஃப், டங்கனோட மகன் மால்கம். வலது பக்கம் கெட்டவங்க: சூனியக்காரிங்க மூணு பேர், டங்கன கொன்னு ராஜா ஆகுற மேக்பெத், அவன் பொண்டாட்டி லேடி மேக்பெத். ஆளுக்கு நாலு வரி எழுதி, கடைசியில "இறுதியில் நன்மையே வென்றது"ன்னு அடிக்கோடு போட்டு முடிச்சேன். 15க்கு 6. மேடம் ஓரத்துல சிவப்புப் பேனால ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தாங்க, "பாங்கோ ஏன் வாயத் திறக்கல?" அன்னிக்கு செம கோவம். ஆனா அதுக்கு பதில் தேடப் போய்தான் நான் நாடகத்தயே ஒழுங்கா படிச்சேன். இப்ப சித்தி பொண்ணுல இருந்து எதிர்வீட்டுத் தம்பி வரைக்கும் எக்ஸாமுக்கு முந்தின வாரம் கூப்பிட்டு இதத்தான் கேக்குறாங்க, ஆளுக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டு தொண்ட போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு.

மொத வேல, அந்தக் கோட்ட போடாம இருக்குறது. அதுக்கு பென்சிலோட நாடகத்த எடுத்து உக்காருங்க. "நல்ல", "வீரமான", "உத்தமமான"ன்னு அர்த்தம் வர்ற வார்த்த எங்க வந்தாலும் அடிக்கோடு போட்டு, பக்கத்துல யாரு யாரப் பத்தி எதுக்காக சொல்றாங்கன்னு மட்டும் குறிங்க, வேற எதுவும் வேணாம். முதல் அங்கம் ரெண்டாம் காட்சியிலயே ஒரு சூப்பர் இடம் இருக்கு. மேக்பெத் இன்னும் மேடைக்கே வரல. ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு கேப்டன் வந்து ராஜாகிட்ட சொல்றான், மேக்பெத் எதிரிய தொப்புள்ல இருந்து தாடை வரைக்கும் கிழிச்சு, தலைய எடுத்து கோட்டைச் சுவர் மேல வச்சுட்டான்னு. டங்கன் மொகம் சுளிக்கவே இல்ல, வீரன்டா என் சொந்தக்காரன்னு பாராட்டுறாரு! இத மறக்காம குறிச்சுக்கங்க. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரத்துல அதே ராஜா மேல கத்திய இறக்கப் போகுது. கொலை பண்ற தெறமைய மேக்பெத்துக்கு எந்தப் பேயும் குடுக்கல, நாடே கைதட்டி பட்டம் குடுத்து வளத்த தெறமை அது. கடைசிக் காட்சியில மேக்டஃப் வந்து நிப்பான், கையில மேக்பெத் தலை, அப்பவும் எல்லாரும் வாழ்த்துறாங்க. ஒரு தலையில ஆரம்பிச்சு இன்னொரு தலையில முடியுற நாடகம்.

பட்டம்னு சொன்னேன்ல, டங்கன் மேக்பெத்துக்கு குடுக்குற அந்த காடர்ங்கிற ஊரோட பிரபு பட்டத்தையும் விட்டுடாதீங்க. மொதல்ல அத வச்சிருந்தவன் ராஜாவுக்கு துரோகம் பண்ணி மாட்டுறான், சாகுறப்ப தப்ப ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டு, அவன் வாழ்க்கையிலயே அவன் செத்த விதம்தான் அழகுன்னு பேர் வாங்கிட்டுப் போறான். அந்த செய்திய கேட்டுட்டு டங்கன் சொல்றாரு, மொகத்தப் பாத்து மனச படிக்கிற வித்த எதுவும் இல்ல, நான் அவன முழுசா நம்பினேனேன்னு. சொல்லி வாய் மூடல, உள்ள வர்றது யாரு, மேக்பெத்! அந்த இடத்துல ஷேக்ஸ்பியர் சிரிச்சிருப்பாருன்னு எனக்கு எப்பவும் தோணும். துரோகி ஒருத்தன் திருந்தி சாகுறான், அவன் பட்டத்த வாங்குற விசுவாசி துரோகி ஆகுறான். இந்த ஒரு பாயின்ட்ட ஒழுங்கா எழுதுனாலே நல்லவன் கெட்டவன் பட்டியல் போட்ட பேப்பருங்கள்ல இருந்து உங்க பேப்பர் தனியா தெரியும்.

அடுத்து சூனியக்காரிங்க. "சூனியக்காரிகள் மேக்பெத்தைத் தீமைக்குத் தள்ளினர்"னு எழுதாதீங்க, அவங்க தள்ளவே இல்ல. ராஜாவ கொல்லுன்னு ஒரு வார்த்தை சொன்னாங்களான்னு தேடிப் பாருங்க, கிடைக்காது. நீ ராஜா ஆவன்னு மட்டும்தான் சொன்னாங்க. அவங்க பவர் எவ்வளவுன்னு முதல் அங்கம் மூணாம் காட்சி ஆரம்பத்துலயே ஒரு சின்ன கத வருது, முக்காவாசிப் பேர் அத தாண்டிப் போயிடுவாங்க. ஒரு மாலுமியோட பொண்டாட்டி மடியில செஸ்ட்நட் வச்சு தின்னுட்டு இருக்கா, சூனியக்காரி கேட்டதுக்கு குடுக்காம விரட்டி விடுறா, அந்தக் கடுப்புல இவ அலெப்போ போயிருக்குற புருசன் மேல புயல ஏவப் போறா. ஆனா என்ன சொல்றா பாருங்க, அவன் தூக்கத்த கெடுப்பேன், வாட்டி எடுப்பேன், ஆனா கப்பல முழுக வைக்க முடியாது. அவ்வளவுதான் அவங்க எல்லை. அலைய கிளப்பலாம், கப்பல கவுக்குறது கப்பல்ல இருக்குறவன் கையில.

அப்புறம் சூனியக்காரிங்களோட அந்த ஃபேமஸ் லைன், "ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்", அதாவது அழகே மோசம், மோசமே அழகு. எல்லாரும் எழுதுவாங்க, எழுதுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. மேக்பெத் மேடைக்கு வந்து பேசுற மொத வரியே "இவ்வளவு மோசமும் இவ்வளவு அழகுமா ஒரு நாள நான் பாத்ததே இல்ல"ங்கிறதுதான், அதே ரெண்டு வார்த்த, அவங்கள இன்னும் பாக்கக்கூட இல்ல. அவங்க பேச்சு அவன் வாயில ஏற்கனவே இருக்கு. இந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சாதான் அந்த கொட்டேஷனுக்கு மதிப்பு.

இதே காட்சியில பாங்கோ ஒரு எச்சரிக்கை குடுக்குறான், எனக்கு மொத்த நாடகத்துக்கும் சாவி இதுதான்: நம்மள அழிவுக்கு இழுக்கணும்னா இருட்டோட ஆளுங்க உண்மையத்தான் சொல்லுவாங்க, சில்லறை விசயத்துல நேர்மையா இருந்து நம்ப வச்சு பெரிய விசயத்துல கவுத்துடுவாங்க. இங்க தீமை பொய் சொல்லி ஏமாத்தல. காடர் பட்டம் கிடைச்சது உண்மை. காடு நகர்ந்து வந்தாதான் தோத்துப் போவன்னு சொன்னதும், பொம்பள வயித்துல பொறந்தவன் யாராலயும் உனக்கு ஆபத்தில்லன்னு சொன்னதும் எழுத்துக்கு எழுத்து நடந்துச்சு, சிப்பாய்ங்க கிளைய வெட்டி பிடிச்சுட்டு வந்தாங்க, மேக்டஃப் தாய் வயித்த கிழிச்சு எடுக்கப்பட்டவன். உண்மையச் சொல்லியே ஏமாத்துறது, அதான் இந்த நாடகத்துல தீமைக்கு தெரிஞ்ச தொழில்.

இது ஏன் அந்தக் காலத்து லண்டன்காரனுக்கு சுருக்குன்னு பட்டிருக்கும்னு ரெண்டே வரி எழுதலாம், ஒரு பக்கம் எழுதிடாதீங்க. 1603ல ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜா ஆனாரு, சூனியத்தப் பத்தி 1597லயே புத்தகம் போட்ட மனுசன். 1605 நவம்பர்ல பார்லிமென்ட்ட வெடி வச்சு அவரோட சேத்து தகர்க்கப் பாத்த சதி பிடிபட்டுச்சு, அந்த வழக்குல 1606ல ஹென்றி கார்னெட்ங்கிற பாதிரியார தூக்குல போட்டாங்க, பொய்யும் இல்லாம உண்மையும் இல்லாம ரெண்டு அர்த்தத்துல பேசுறதுக்கு ஆதரவா எழுதுனவர்னு அவருக்கு பேர். நாடகம் ஏறக்குறைய அதே 1606ல எழுதப்பட்டதுதான். கொலை நடந்த ராத்திரி கதவத் தட்டுறப்ப குடிகார வாசக்காரன் நரகத்துக்கு காவல் நிக்கிற மாதிரி உளறுவான்ல, அதுல ரெட்டை நாக்குக்காரன் ஒருத்தன உள்ள கூப்பிடுறது இந்த விசயத்ததான். காமெடி சீன்னு தாண்டிப் போயிடாதீங்க.

சரி, இப்ப முக்கியமான இடம். டைம் கம்மின்னா ஒரே ஒரு காட்சி படிங்க, முதல் அங்கம் ஏழாம் காட்சி. உள்ள டங்கனுக்கு விருந்து நடக்குது, வேலைக்காரங்க தட்டு தட்டா தூக்கிட்டு மேடைய கடந்து போறாங்க, வீட்டுக்காரன் மேக்பெத் பந்திய விட்டு பாதியில எழுந்து வெளிய வந்து தனியா நின்னு புலம்புறான், 28 வரி. இத மெதுவா படிங்க, ஏன்னா இங்க ஒரு மனுசன் தன்னோட வழக்க தானே வாதாடி தானே தோக்குறான். இவரு என் சொந்தக்காரரு, என் ராஜா, என் வீட்டு விருந்தாளி, கொலகாரன் வந்தா கதவ சாத்த வேண்டியவன் நான், நானே கத்திய தூக்கலாமா. அதோட நிக்கல, இவரு நல்லவரு, அந்த நல்ல குணமே தேவதைங்க மாதிரி ஊதுகொம்பு ஊதி ஊரக் கூட்டும், இரக்கம் பொறந்த கொழந்த மாதிரி அம்மணமா காத்துல ஏறி வந்து ஒவ்வொரு கண்ணுலயும் படும். இவ்வளவும் சொல்லிட்டு, செய்யறதுக்கு காரணம்னு அவனுக்கு கிடைக்கிறது ஒண்ணே ஒண்ணு, பேராசை, அதுவும் குதிரை மேல ஏறப் போய் அந்தப் பக்கம் குப்புற விழுற ஆசைன்னு அவனே சொல்றான்.

கவனிங்க, இவனுக்கு நல்லது எது கெட்டது எதுன்னு தெரியாம இல்ல. நாடகத்துல இருக்குற வேற யாரவிடவும் இவனுக்குதான் அது துல்லியமா தெரியுது, பாவத்தப் பத்தி இவ்வளவு அழகா பேசுற ஆள் மொத்த நாடகத்துலயும் வேற இல்ல. தெரிஞ்சும் பண்றான். அதனாலதான் இது ட்ராஜடி, இல்லன்னா போலீஸ் கேஸ்.

அவன் "இதுக்கு மேல வேணாம்"னு முடிவே பண்ணிடுறான். அப்ப லேடி மேக்பெத் வர்றா, காட்சி முடியுறதுக்குள்ள மனசு மாறிடுறான். அவ எப்படி மாத்துறான்னு பாருங்க, கொலை நல்லதுன்னு ஒரு வாதம்கூட வைக்கல. நீ ஆம்பளையாங்கிறா, சொன்ன சொல்ல காப்பாத்த மாட்டியாங்கிறா, நான் சத்தியம் பண்ணியிருந்தா பால் குடிக்கிற கொழந்தையகூட தூக்கி அடிச்சிருப்பேங்கிறா. தைரியம், வாக்கு தவறாம இருக்குறது, ரெண்டும் நல்ல குணம்தானே? தீமைக்கு வேலைக்காரங்களா இங்க நிக்கிறது நல்ல குணங்கதான்.

அதுக்காக அவள ராட்சசின்னு எழுதிட்டு போயிடாதீங்க. பிறவியிலயே கெட்டவளா இருந்தா இருட்டு சக்திங்கள கூப்பிட்டு என் மனசுல இருக்குற ஈரத்த அடைச்சிடுங்கன்னு கெஞ்ச வேண்டிய அவசியம் என்ன? ஈரம் இருக்கு, அதான் கெஞ்சுறா. கொலை நடக்குற நேரத்துல அவளே ஒத்துக்குறா, தூங்குறப்ப டங்கன் என் அப்பா மாதிரி தெரிஞ்சாரு, இல்லன்னா நானே முடிச்சிருப்பேன்னு. அந்த ராத்திரி "கொஞ்சம் தண்ணி போதும், கறை போயிடும்"னவ அஞ்சாம் அங்கத்துல தூக்கத்துல நடந்து வந்து கைய தேச்சு தேச்சு கழுவுறா, ராத்திரி முழுக்க பக்கத்துல விளக்கு எரியணும்னு உத்தரவு, "அந்தக் கெழவருக்கு இவ்வளவு ரத்தம் இருக்கும்னு யாரு நினைச்சா"ங்கிறா. அந்த இடத்துல இன்னொண்ணும் முனகுறா, ஃபைஃப் ஊர் பிரபுவுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தாளே, அந்தப் பொண்ணு இப்ப எங்கன்னு. அது மேக்பெத் ஆள் அனுப்பி கொன்ன மேக்டஃப் பொண்டாட்டி. அந்தக் கொலையில இவளுக்கு பங்கு இருந்ததா நாடகத்துல எங்கயும் இல்ல, ஆனாலும் அது இவ தூக்கத்துக்குள்ள வந்து உக்காந்திருக்கு. எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டைய அடைக்கிற இடம் இது. டாக்டர் ஓரமா நின்னு அவ சொல்றத எழுதி வச்சுக்குறான், கடைசியில இவளுக்கு வேண்டியது வைத்தியர் இல்ல பாதிரியார்தான்னு கைய விரிச்சுடுறான்.

இப்ப மேடம் கேட்ட கேள்விக்கு வரேன். சூனியக்காரிங்க சொன்ன வாக்க மேக்பெத் கூடவே நின்னு கேட்டவன் பாங்கோ, எச்சரிச்சவனும் அவனே. டங்கன் செத்ததும் யாரு பண்ணியிருப்பான்னு அவனுக்கு சந்தேகம் இருக்கு, மூணாம் அங்கம் ஆரம்பத்துல தனியா நின்னு சொல்றான், எல்லாம் கிடைச்சுடுச்சு உனக்கு, ஆனா இதுக்காக நீ ரொம்ப மோசமா விளையாடியிருப்பன்னு பயப்படுறேன்னு. அடுத்த மூச்சுலயே என்ன நினைக்கிறான்? அவனுக்கு பலிச்ச வாக்கு எனக்கும் பலிக்கலாமே, என் வம்சம் ராஜா ஆகும்னு சொன்னாங்களே. உடனே "உஷ், போதும்"னு வாய மூடிக்கிறான். அதான் பதில். ஆசை அவனுக்கும் இருந்துச்சு, கத்திதான் எடுக்கல. ஷேக்ஸ்பியர் கதைய எடுத்த ஹாலின்ஷெட்டோட வரலாற்றுப் புத்தகத்துல பாங்கோ கொலைக்கே கூட்டாளி. ஜேம்ஸ் ராஜா பாங்கோ வம்சம்னு அப்ப நம்பிக்கை, அரியணையில இருக்குறவரோட பாட்டன கொலகாரனா காட்ட முடியுமா, அதான் ஷேக்ஸ்பியர் அவன சுத்தப்படுத்திட்டாரு. ஆனா முழுசா வெள்ளையடிக்கல, அந்த "உஷ்"ஷ மட்டும் விட்டு வச்சிருக்காரு.

நல்லவங்க பக்கம் எழுதுறப்ப எல்லாரும் மேக்டஃப்போட வாள் சண்டைக்கு ஓடுறாங்க. நான் சொல்றது நாலாம் அங்கத்துக்கு போங்க. லேடி மேக்டஃப்கிட்ட ஓடிடுங்கன்னு ஒருத்தன் வந்து சொல்றான், அவ சொல்றா, நான் ஒரு தப்பும் பண்ணலியே, எதுக்கு ஓடணும், ஆனா இது இந்த உலகமாச்சே, இங்க கெடுதல் பண்ணா மெச்சுவாங்க, நல்லது பண்ணா சில சமயம் அது ஆபத்தான முட்டாள்தனம்னு பேரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொலகாரனுங்க உள்ள. அதுக்கு கொஞ்சம் முன்னாடி அவ சின்னப் பையன் விளையாட்டா ஒண்ணு சொல்லியிருப்பான், பொய்யனுங்க எல்லாம் மடையனுங்க, அவங்கதானே எண்ணிக்கையில அதிகம், நேர்மையானவங்கள பிடிச்சு அவங்களே தூக்குல போட்டுடலாமேன்னு. அவன நம்ம கண்ணு முன்னாடியே குத்துறாங்க. டங்கன் கொலைய மேடையில காட்டாத ஷேக்ஸ்பியர் இத காட்டுறாரு. ஏன்னு ஒரு வரி யோசிச்சு எழுதுங்க, மார்க் அங்க இருக்கு.

அடுத்த காட்சி நீளம், போரடிக்கும், ஆனா நல்லதப் பத்தி நாடகம் நேரடியா பேசுறது அங்கதான். மால்கம் மேக்டஃப்ப சோதிக்க, நான் காமுகன், பேராசைக்காரன், ஒரு நல்ல குணமும் எங்கிட்ட இல்லன்னு பொய்யா அடுக்குறான். நல்லவனே நல்லவனா இருக்கறதுக்கு பொய் சொல்ல வேண்டியிருக்கு, அந்த அளவுக்கு நாடு கெட்டுப் போச்சு. அதே காட்சியில இங்கிலாந்து ராஜா எட்வர்ட் தொட்டு ஒரு கழுத்துக் கட்டி நோய குணப்படுத்துறதா வருது, அந்த நோய்க்கு பேரே "தி ஈவில்". மேடைக்கு வராமலே ஈவில தொட்டு சரி பண்ற ஒரு ராஜா பக்கத்து நாட்டுல இருக்காரு, இங்க ஒரு ராஜா தொட்டதெல்லாம் ரத்தம். அப்புறம் மேக்டஃப்புக்கு குடும்பம் போன செய்தி வருது. ஆம்பளையா எதிர்த்து நில்லுங்கிறான் மால்கம். நிக்கிறேன், ஆனா ஒரு ஆம்பளையா அத நான் உணரவும் வேணுமேங்கிறான் மேக்டஃப். லேடி மேக்பெத் "நீ ஆம்பளையா"ன்னு கேட்ட அதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இங்கதான் கிடைக்குது. ரெண்டையும் சேத்து எழுதுனீங்கன்னா திருத்துறவங்க பேனா நிக்கும்.

எழுத உக்காந்தா, கதைய சொல்லாதீங்க ப்ளீஸ். திருத்துறவங்களுக்கு கத தெரியும். மொத பாராவுல உங்க கருத்து ஒண்ண நேரா வச்சுடுங்க, உதாரணமா இப்படி: "மேக்பெத்தில் நன்மையும் தீமையும் இரண்டு அணிகளாக மோதவில்லை, எது தீமை என்று நன்றாக அறிந்த ஒருவனின் மனதுக்குள்ளேயே மோதுகின்றன, அங்கே நன்மை தோற்றபின்தான் நாட்டில் போர் வருகிறது." இத உங்க இங்லீஷ்ல மாத்திக்கங்க, அப்படியே காப்பி அடிக்காதீங்க, பத்து பேர் அடிச்சா மாட்டுவீங்க. அப்புறம் மூணே மூணு இடம் எடுங்க, ஏழாம் காட்சி கண்டிப்பா ஒண்ணு, மத்த ரெண்டு உங்க இஷ்டம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன கொட்டேஷன், அதுல ஒரு வார்த்தைய பிடிச்சு ரெண்டு மூணு வரி. சூனியக்காரிங்களோட தலைவி ஹெக்கேட் வர்ற பகுதி வேணாம், அது மிடில்டன்ங்கிற இன்னொரு நாடக ஆசிரியர் பின்னாடி சேத்ததுன்னுதான் பெரும்பாலான ஆய்வாளருங்க நினைக்கிறாங்க. இருட்டு, ரத்தம், தூக்கம்னு சிம்பல் லிஸ்ட் போடுறதும் வேணாம், வேணும்னா தூக்கம் ஒண்ண எடுங்க, கொலை முடிஞ்சதும் மேக்பெத்துக்கு கேக்குற குரல், "மேக்பெத் தூக்கத்த கொன்னுட்டான்", அதுல இருந்து நேரா லேடி மேக்பெத் தூக்கத்துல நடக்குற இடத்துக்கு போயிடலாம்.

முடிவுக்கு மால்கமோட கடைசி பேச்ச எடுங்க. ஜெயிச்சு வந்து எல்லாருக்கும் புதுப் பட்டம் குடுக்குறான், அவங்க அப்பா மேக்பெத்துக்கு குடுத்த மாதிரியே. அப்புறம் அவங்க ரெண்டு பேரையும் ஒரே வரியில முடிச்சுடுறான், "செத்துப் போன கசாப்புக்காரனும் அவனோட பேய் மாதிரி ராணியும்". விருந்துல இருந்து பாதியில எழுந்து வந்து நின்னவன மால்கம் பாக்கல, விளக்கோட நடந்து வந்தவளையும் பாக்கல, நம்ம ரெண்டையும் பாத்துட்டோம். அவன் சொல்றது சரியா, போதுமான்னு கேட்டு உங்க பதில எழுதி பேப்பர குடுத்துடுங்க. என்ன கேட்டா, அவனும் என்ன மாதிரியே ஸ்கேல் வச்சு நடுவுல கோடு போட்டிருக்கான், மேடம் கையில பேப்பர் போயிருந்தா அவனுக்கும் 6தான்.